பாசிட்டிவ் டெர்மினலில் திரும்பத் திரும்ப உப்பு பூக்கிறது: பேட்டரியை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

நெடுவழி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. காரின் பேட்டரியில் பாசிட்டிவ் டெர்மினல் முழுக்க வெள்ளையும் நீலமும் கலந்த உப்பு பூக்கிறது. வெந்நீர் ஊற்றினால் கரைந்து ஓடிவிடுகிறது. ஆனால் சில வாரங்களில் மறுபடி அதே கதை. நெகட்டிவ் பக்கம் பளிச்சென்று இருக்கிறது.

இப்போது புதிதாக ஒரு தொல்லை. காலையில் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் எடுக்கவில்லை. பாசிட்டிவ் கிளாம்பை, அதாவது கேபிள் நுனியில் இருக்கும் பிடியை, கையால் கொஞ்சம் அசைத்துவிட்டால் உடனே எடுத்துவிடுகிறது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வகைப் பேட்டரிதான், அவ்வளவு பழசும் இல்லை. பார்த்தவர்கள் எல்லோரும் பேட்டரி போய்விட்டது, மாற்றிவிடுங்கள் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஸ்பானர்செட் எழுதியது:

அசைத்தால் எடுக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. செத்த பேட்டரி கிளாம்பை அசைத்தால் பிழைக்காது. கோளாறு பேட்டரியின் போஸ்டுக்கும் (மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஈயக் குமிழ்) கிளாம்புக்கும் நடுவில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். செல்ஃப் மோட்டார் சுற்றும்போது சுமார் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். இணைப்பில் 0.005 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். 0.01 ஓம் என்றால் 2 வோல்ட். சாதாரண மல்டிமீட்டரில் ஓம் வைத்து இவ்வளவு சின்னத் தடையை அளக்க முடியாது. அதனால்தான் "மீட்டரில் கண்டினியூட்டி (அறுபடாத இணைப்பு) வருகிறதே" என்று பலர் ஏமாந்துபோகிறார்கள். ஹெட்லைட்டுக்கு வேண்டியது சில ஆம்பியர்தான், அது ஜோராக எரியும். செல்ஃப் மட்டும் படுத்துக்கொள்ளும்.

செய்ய வேண்டியது இது. மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையை ஈய போஸ்டின் நடுமண்டையில் குத்திப் பிடியுங்கள், இன்னொன்றை கிளாம்பின் உலோகத்தில் வையுங்கள். வேறொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். நல்ல இணைப்பில் 0.1 வோல்ட்டுக்குள் இருக்கும், 0.2 தாண்டினால் சுத்தம் செய்தே ஆக வேண்டும். இரண்டு பக்கமும் பாருங்கள்.

கூடவே இரண்டு அளவு எடுத்து வாருங்கள்: வண்டி சில மணி நேரம் நின்றபின் பேட்டரி வோல்டேஜ், எஞ்சின் ஓடும்போது வோல்டேஜ். அதைப் பார்க்காமல் பேட்டரியை மாற்றாதீர்கள்.

வேதிவாசகி எழுதியது:

வெந்நீர் ஊற்றியும் இணைப்பு கெட்டது ஏன் என்பதற்கு வேதியியலில் நேரான பதில் இருக்கிறது.

பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலக் கரைசல். முழு சார்ஜில் அதன் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.27ஐ ஒட்டி இருக்கும், எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அமிலம். இந்த அமிலம் துளியாகவோ மூடுபனி போலவோ வெளியே வந்து உலோகத்தில் உட்காரும்போதுதான் உப்பு உருவாகிறது. நீலம், பச்சை கலந்த நீலம் எல்லாம் காப்பர் சல்ஃபேட், அதாவது மயில்துத்தம். பித்தளை கிளாம்பிலிருந்தும் செம்புக் கம்பியிலிருந்தும் வருவது. சாம்பல் கலந்த வெள்ளை பெரும்பாலும் லெட் சல்ஃபேட். அது ஈயப் போஸ்டிலிருந்து வருவது.

இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மயில்துத்தம் வெந்நீரில் நன்றாகக் கரையும். லெட் சல்ஃபேட் தண்ணீரில் ஏறக்குறைய கரையவே கரையாது, மின்சாரத்தையும் கடத்தாது. நீங்கள் வெந்நீர் ஊற்றும்போது கண்ணுக்குத் தெரியும் நீலம் போய்விடுகிறது, கிளாம்புக்கும் போஸ்டுக்கும் இடையில் இருக்கும் வெள்ளைப் படலம் அப்படியே தங்கிவிடுகிறது. செல்ஃபைத் தடுப்பது அந்த மெல்லிய படலம்தான்.

இன்னொன்று. நீர்த்த கந்தக அமிலம் மட்டும் செம்பை எளிதில் தின்னாது, காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர வேண்டும். மேலே ஈரமான அமிலப் படலம் பரவியிருந்தால் அதன் வழியாகச் சிறு மின்னோட்டம் கசியும். அந்த ஓட்டம் பாசிட்டிவ் பக்க உலோகத்தை இன்னும் வேகமாக அரிக்கும்.

பழையடீசல் எழுதியது:

தங்கை சொன்னது ரொம்பச் சரி. நான் ஆண்டுக்கணக்கில் வண்டிகளில் கை வைப்பவன். என் முறையைச் சொல்கிறேன்.

முதலில் கண்ணாடி, கையுறை. மோதிரம், வாட்ச், செயின் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். மோதிரம் பாசிட்டிவுக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டினால் விரலைப் பொசுக்கிவிடும். சார்ஜ் ஏறி முடிந்த கையோடு வேலையை ஆரம்பிக்காதீர்கள், கொஞ்ச நேரம் பானட்டைத் திறந்து விடுங்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்கு வெடிக்கக்கூடியது. சாவி அணைந்திருக்க வேண்டும்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பாசிட்டிவ் பிறகு. மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். காரணம் தெரிந்தால் மறக்காது: நெகட்டிவ்தான் பாடியோடு எர்த் ஆகியிருக்கிறது. அது இணைப்பில் இருக்கும்போது பாசிட்டிவ் நட்டில் போட்ட ஸ்பானர் பாடியில் பட்டால் நேரடி ஷார்ட். நெகட்டிவைக் கழற்றிவிட்டால் ஸ்பானர் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மிகப் பழைய வண்டிகளில் சில பாசிட்டிவ் எர்த்தாக இருக்கும். அதில் எர்த் பக்கமே முதலில் வர வேண்டும்.

கிளாம்ப் வர மறுத்தால் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பாதீர்கள், சுத்தியலும் ஆகாது. போல்ட்டை முழுக்கத் தளர்த்தி, கிளாம்பின் வாயைச் சற்று விரித்து, நேராக மேலே தூக்க வேண்டும். அதற்கென்றே புல்லர் என்ற இழுக்கும் கருவி கிடைக்கிறது.

ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து ஊற்றுங்கள். நுரைக்கும். நுரை நின்று, இன்னொரு முறை ஊற்றினாலும் நுரைக்காத வரை ஊற்ற வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, காயவிடுங்கள். செல் மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று முன்னாலேயே பார்த்துவிடுங்கள். சோடாக் கரைசல் செல்லுக்குள் போனால் உள்ளே இருக்கும் அமிலத்தையே நடுநிலை ஆக்கிவிடும், அந்த செல் கெட்டது கெட்டதுதான்.

கடைசியாகத்தான் கம்பி பிரஷ், அதுவும் ஈரமாக்கிவிட்டு; தேய்த்தபின் துடைத்துக் காயவிடுங்கள். போஸ்டின் வெளிப்புறமும் கிளாம்பின் உட்புறமும் ஈயம் வெள்ளி மாதிரி மின்ன வேண்டும். பிரஷ் இல்லையென்றால் உப்புத்தாள் போதும். நிறையத் தேய்க்காதீர்கள், ஈயம் மெத்தென்றது. போஸ்ட் மெலிந்துவிட்டால் அப்புறம் கிளாம்ப் பிடிக்காது.

நள்ளிரவுஓட்டுநர் எழுதியது:

சோடா இல்லாத இடத்தில் கோலா பானம் ஊற்றினால் போதும் என்று நிறையப் பேர் செய்கிறார்களே, அது சரியா?

வேதிவாசகி எழுதியது:

உப்பு கரையும், உண்மைதான். ஆனால் அந்தப் பானமே பாஸ்பாரிக் அமிலம் கலந்தது. அமிலத்தின் மேல் இன்னொரு அமிலத்தை ஊற்றுகிறோம், நடுநிலை ஆவதில்லை. அதோடு சர்க்கரை பிசுபிசுவென்று ஒட்டி, தூசியையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வழியில் வேறெதுவும் கிடைக்காமல் ஊற்ற நேர்ந்தால் பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். வீட்டில் இருக்கும்போது அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நெடுவழி எழுதியது:

அளந்துவிட்டேன். இரவு முழுக்க நின்றபின் 12.6 வோல்ட். எஞ்சின் ஓடும்போது 14.2. சாவி திருப்பும்போது நெகட்டிவ் போஸ்டுக்கும் கிளாம்புக்கும் இடையில் 0.05, பாசிட்டிவில் 1.4 வோல்ட்!

ஸ்பானர்செட் எழுதியது:

அருமை. 12.6 என்றால் பேட்டரி நல்ல சார்ஜில் இருக்கிறது. ஒவ்வொரு செல்லும் 2.1, மொத்தம் ஆறு. 14.2 என்றால் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் ஒழுங்காக வேலை செய்கின்றன. 1.4 வோல்ட் விழுவதுதான் உங்கள் டிக் டிக். பழையடீசல் அண்ணன் சொன்னபடி சுத்தம் செய்யுங்கள், செல்ஃப் பிரச்சினை அன்றைக்கே தீரும்.

ஆனால் இத்தோடு நிறுத்தினால் சில வாரத்தில் இதே இழையில் மறுபடி எழுதுவீர்கள். உப்பைத் துடைப்பது சுலபம். அமிலம் எந்த வழியாக வெளியே வருகிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. எனக்குத் தெரிந்து நான்கு வழி.

ஒன்று, ஓவர்சார்ஜ். ஓடும்போது 15 வோல்ட்டை ஒட்டிப் போனால் உள்ளே தண்ணீர் பிரிந்து வாயு கிளம்பி, அமிலத் துளியை மூடித் துளை வழியாகத் தூக்கி வரும். உங்களுக்கு அது இல்லை.

இரண்டு, டிஸ்டில்டு வாட்டரை வாய்வரை ஊற்றுவது. இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். சார்ஜ் ஆகும்போது கரைசல் சூடாகி விரியும், குமிழும் சேரும், மட்டம் ஏறும், வழிந்து வெளியே வரும். தகடு மூழ்கி, மேல்கோட்டுக்குள் நின்றால் போதும். முழு சார்ஜ் ஆனபின் மட்டத்தைச் சரிசெய்வதே முறை. குறைந்தால் தண்ணீர் மட்டும்தான், ஆசிட் ஊற்றக் கூடாது.

மூன்று, பெட்டியில் விரிசல்.

நான்கு, போஸ்ட் பிளாஸ்டிக்கோடு சேரும் இடத்தில் இருக்கும் சீல் விட்டுப்போவது. கிளாம்பைச் சுத்தியலால் அடித்து இறக்கினாலோ, போஸ்டையும் சேர்த்துத் திருகும் அளவுக்கு முறுக்கினாலோ, பேட்டரியைப் பிடிக்கும் பட்டை தளர்ந்து பேட்டரி ஆடினாலோ இது நடக்கும். ஒரு பக்கம் மட்டும் பூக்கிறது என்றால் என் சந்தேகம் முதலில் இதன்மேல்தான் விழும்.

பழையடீசல் எழுதியது:

இதற்கு ஒரு சோதனை உண்டு. எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து மாட்டிவிடுங்கள். எந்தப் பூச்சும் பூச வேண்டாம். சில நாள் ஓட்டிவிட்டு, சோடாக் கரைசலைச் சிறு பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு இடமாக வையுங்கள்: போஸ்டின் அடி, மூடிகளின் ஓரம், பெட்டியின் மூலைகள். எங்கே நுரைக்கிறதோ அங்கே அமிலம் வந்திருக்கிறது. உப்பு பூப்பதற்கு ரொம்ப முன்னாலேயே இது காட்டிக்கொடுத்துவிடும்.

இருசக்கரம் எழுதியது:

பாசிட்டிவில் பூத்தால் ஓவர்சார்ஜ், நெகட்டிவில் பூத்தால் அண்டர்சார்ஜ் என்று சொல்வார்களே. அப்படி நேராகச் சொல்லிவிட முடியாதா?

ஸ்பானர்செட் எழுதியது:

அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். இந்த இழையிலேயே பாருங்கள், பாசிட்டிவில் பூத்திருக்கிறது, சார்ஜிங் 14.2இல் கச்சிதமாக இருக்கிறது. மீட்டர் கையில் இருக்கும்போது ஊகம் எதற்கு?

மின்வழி எழுதியது:

பூச்சு பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் தவறான பழக்கம் நிறைய இருக்கிறது. சிலர் போஸ்டில் கிரீஸை அப்பிவிட்டு அதன்மேல் கிளாம்பை மாட்டுகிறார்கள். வாசலினும் சரி, சிலிகான் டைஎலெக்ட்ரிக் கிரீஸும் சரி, மின்சாரத்தைக் கடத்துபவை அல்ல. உலோகம் உலோகத்தோடு நேராகச் சேர வேண்டும். காய்ந்த சுத்தமான போஸ்டில் காய்ந்த சுத்தமான கிளாம்ப், அளவாக இறுக்கு, பிறகு மேலேயும் ஓரங்களிலும் மெல்லிய பூச்சு. அமிலமும் காற்றும் ஈரமும் போகாமல் தடுப்பதுதான் அதன் வேலை.

பழையடீசல் எழுதியது:

இதில் தம்பியோடு எனக்குக் கொஞ்சம் மாறுபாடு உண்டு. கையால் தொட்டு எடுத்த அளவு வாசலினைப் போஸ்டில் தடவிவிட்டு மாட்டினால் கிளாம்ப் இறுகும்போது உரசும் இடத்திலிருந்து அது பிதுங்கி வெளியே வந்துவிடும், உலோகம் சேர்ந்துவிடும். நடுவில் இருக்கும் நுண்ணிய பள்ளங்களில் மட்டும் தங்கி அமிலம் நுழையாமல் காக்கும். என் வண்டிகளில் அப்படித்தான் செய்கிறேன். வோல்ட் அளந்தும் பார்த்திருக்கிறேன், வித்தியாசம் இல்லை.

மின்வழி எழுதியது:

மெல்லியதாகப் பூசி, நன்றாக இறுக்கி, பிறகு அளந்தும் பார்க்கும் உங்களுக்கு அது சரிதான் அண்ணா. படித்துவிட்டு முதல்முறை செய்பவர் மெல்லியதாகப் பூச மாட்டார், அளக்கவும் மாட்டார். அவருக்கு "மாட்டியபின் பூசு" என்பதே பத்திரம்.

இரண்டு சேர்க்கை. போஸ்டின் அடியில் போடும் ஃபெல்ட் வளையம் நல்ல பொருள். அரிப்பைத் தடுக்கும் பூச்சில் ஊறவைத்தே வரும், சீலிலிருந்து கசிவது கிளாம்பைத் தொடும் முன் அதில் தேங்கும். இரண்டாவது, இறுக்கும் அளவு. பல கார்களின் கையேட்டில் 5 முதல் 8 நியூட்டன் மீட்டருக்குள்தான் சொல்லியிருப்பார்கள். சின்ன ஸ்பானரில் மணிக்கட்டு பலம் போதும். இறுக்கிய பின் கையால் திருகினால் கிளாம்ப் அசையக் கூடாது, அவ்வளவுதான்.

புதிய கார்களில் நெகட்டிவ் கிளாம்போடு சேர்ந்தே ஒரு சிறு பெட்டி இருக்கும், பேட்டரி சென்சார். அதைப் பிடித்து நெம்பினால் உடையும். அதன்மேல் தண்ணீரைக் கொட்டாமல் ஈரத் துணியால் துடையுங்கள். பேட்டரி கழன்றால் ரேடியோவுக்குக் குறியீடு கேட்கும் வண்டிகளும் உண்டு, முன்னாலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நெடுவழி எழுதியது:

சோதனை செய்தேன். மூடிகளின் ஓரத்தில் நுரை இல்லை, மூலைகளிலும் இல்லை. பாசிட்டிவ் போஸ்டின் அடியில் மட்டும், ஒரு பக்கமாக, நன்றாக நுரைத்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் போஸ்டைச் சுற்றி பிளாஸ்டிக்கில் மயிரிழை போல ஒரு பிளவு. போன சர்வீஸில் கிளாம்பைச் சுத்தியலால் தட்டி இறக்கியதை நேரில் பார்த்தேன், அப்போதே நெருடியது.

சுத்தம் செய்தபின் செல்ஃப் ஒரே திருப்பில் எடுக்கிறது. பாசிட்டிவில் இப்போது 0.06 வோல்ட்தான் விழுகிறது. அந்தப் பிளவை எபாக்ஸி வைத்து அடைத்துவிடலாமா?

ஸ்பானர்செட் எழுதியது:

நிரந்தரமாக நிற்காது. அமிலம் ஊறிய பிளாஸ்டிக்கில் எபாக்ஸி சரியாக ஒட்டாது. போஸ்ட் ஈயம், பெட்டி பிளாஸ்டிக், சூட்டில் இரண்டும் ஒரே அளவு விரிவதில்லை. அடைத்தது மறுபடி விடும். வாரண்டி இருந்தால் எபாக்ஸி பூசிவிட்டுப் போனால் ஏற்கவும் மாட்டார்கள். கையை வைக்காமல், நுரைக்கும்போது வீடியோ எடுத்துக்கொண்டு காட்டுங்கள். வாரண்டி இல்லையென்றாலும் பயப்பட வேண்டாம். ஃபெல்ட் வளையம் போட்டு, மேலே பூச்சுப் பூசி, மாதம் ஒருமுறை திறந்து பார்த்தால் இந்தப் பேட்டரி தன் ஆயுளை ஓட்டிவிடும்.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. கிளாம்பிலிருந்து போகும் கேபிளின் உறையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். அமிலம் கம்பி இழைகளுக்கு நடுவே உள்ளே ஏறிப்போகும். செம்பு நிறமாக இருந்தால் சரி. பச்சையாகி, தொட்டால் உதிர்ந்தால், வெளியே எவ்வளவு சுத்தம் செய்தும் பயனில்லை, கேபிளை மாற்றுங்கள். வெட்டிவிட்டு இரண்டு போல்ட் வைத்து மாட்டும் தற்காலிக டெர்மினல் போடாதீர்கள். திறந்த இழைகளில் ஈரம் இன்னும் சுலபமாக ஏறும்.

இருசக்கரம் எழுதியது:

பைக்கிலும் இதே தொல்லைதான். தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரியில் பக்கவாட்டில் ஒரு சிறு குழாய் இருக்கும், வாயுவும் வழியும் அமிலமும் அதன் வழியாகத்தான் கீழே போக வேண்டும். குழாய் மடங்கியோ அடைத்தோ இருந்தால் அமிலம் மூடி வழியாக வந்து டெர்மினலைத் தின்னும். குழாயின் நுனி செயின் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சீல் செய்த பேட்டரியில் சின்ன போல்ட்டும் டெர்மினலுக்குள் உட்காரும் சதுர நட்டும் இருக்கும். அரித்த நட்டைத் திரும்பப் போடாதீர்கள், புதிதாகப் போடுங்கள். எஞ்சின் அதிர்வில் தளர்ந்த நட்டு பொறி விட்டு டெர்மினலையே உருக்கிவிடும். சீல் செய்த பேட்டரியில் உப்பு பூத்தால் சார்ஜிங் வோல்டேஜைக் கட்டாயம் பாருங்கள். ஒழுங்காக நடக்கும்போது அதிலிருந்து அமிலம் வெளியே வருவதில்லை.

தாய்மனம் எழுதியது:

என் வீட்டுக்காரர் வண்டியில் இந்த உப்பைக் காய்ந்த துணியால் தட்டி, வாயால் ஊதிவிடுகிறார். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு. இது ஆபத்தா?

வேதிவாசகி எழுதியது:

ஆபத்துதான் அக்கா, உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அந்த வெள்ளைப் பொடியில் ஈயம் இருக்கிறது. ஈயத்தில் குழந்தைகளுக்குப் பத்திரமான அளவு என்று ஒன்று கிடையாது. காய்ந்த நிலையில் ஊதுவது, கம்பரசர் காற்று அடிப்பது, உலர்ந்த பிரஷ்ஷால் தேய்ப்பது எதுவும் வேண்டாம். எப்போதும் ஈரமாக்கிவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். துடைத்த துணியை வீட்டுத் துணியோடு போடாமல் தனியே கட்டி வையுங்கள், பேட்டரி திரும்ப எடுப்பவரிடமோ அபாயக் கழிவு எடுக்கும் இடத்திலோ கொடுத்துவிடலாம். கழுவிய தண்ணீரை ஒரு தட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். அதைச் செடிக்கும் குளத்துக்கும் விடக் கூடாது, மயில்துத்தம் மீன்களுக்கு நஞ்சு. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பிள்ளைகளைத் தொடச் சொல்லுங்கள்.

கண்ணில் அமிலம் பட்டால் வேறு எதுவும் போட வேண்டாம். ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் இமையை விரித்துப் பிடித்துக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணில் சோடாக் கரைசல் விடவே கூடாது.

நெடுவழி எழுதியது:

கேபிள் உள்ளே நல்ல செம்பு நிறமாகவே இருக்கிறது. வாரண்டியில் வேறு பேட்டரி கொடுத்துவிட்டார்கள், வீடியோ கைகொடுத்தது. ஒரு சிக்கல்: பழைய கிளாம்ப் புதிய பாசிட்டிவ் போஸ்டில் முழுக்க இறுக்கியும் ஆடுகிறது. ஈயத் தகடு சுற்றிப் போட்டுக்கொடுக்கிறேன் என்றார் ஒருவர். வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.

பழையடீசல் எழுதியது:

நிறுத்தியது நல்லது. போஸ்டில் இரண்டு அளவு உண்டு. தடித்த வகையில் பாசிட்டிவ் 17.5 மில்லிமீட்டர், நெகட்டிவ் 15.9. மெல்லிய வகையில் 14.7, 13. மேலே விட்டம் அளந்து பாருங்கள். மெல்லிய போஸ்ட் வந்திருந்தால் வண்டிக்குச் சேரும் தடித்த போஸ்ட் பேட்டரியாக மாற்றிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அதற்கென்றே ஈயத்தில் வார்த்த கூம்பு உறை விற்கிறது, அதைப் போடலாம். கையால் சுற்றிய தகடு ஒரே இடத்தில் மட்டும் தொடும், அங்கே சூடேறும். விட்டம் சரியாக இருந்தும் ஆடினால் கிளாம்ப்தான் விரிந்துபோயிருக்கிறது, வாயின் இரண்டு உதடும் முட்டிக்கொண்டு நிற்கும். அப்போது கிளாம்பை மாற்றுங்கள். மாட்டி முடித்ததும் மறுபடி அந்த வோல்ட் அளவை எடுத்து இங்கே போடுங்கள்.

நெடுவழி எழுதியது:

விட்டம் 17.5தான் அண்ணா. கிளாம்பின் உதடுகள் முட்டிக்கொண்டிருந்தன. புது கிளாம்பைக் கேபிளோடு கிரிம்ப் செய்து (அழுத்திப் பிணைத்து), உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போட்டு, அடியில் ஃபெல்ட் வளையமும் வைத்து மாட்டியாயிற்று. சாவி திருப்பும்போது பாசிட்டிவில் 0.04, நெகட்டிவில் 0.05.